பழைய காரின் குரோம் பாகங்கள்: வீட்டில் பெயின்ட் அடிப்பதா, முலாம் போடுவதா, தேய்த்து விடுவதா?

பாடி வேலை முடிந்து, புது பெயின்டோடு வண்டி வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் இந்தப் பிரச்சினை கண்ணில் படும். அதுவரை துருவோடு துருவாக இருந்த பம்பரும், பக்கவாட்டில் ஓடும் பீடிங் பட்டையும், கதவுக் கைப்பிடியும், புதுச் சட்டைக்குக் கீழே சாயம்போன வேட்டி கட்டியது போல் தனியாகத் தெரியும். கையிலிருந்த காசு டிங்கரிங்கிலேயே கரைந்திருக்கும். "இதுக்கு மட்டும் ஒரு குரோம் ஸ்ப்ரே வாங்கி நானே அடிச்சுடட்டுமா சார்?" என்று அம்பாசிடர், பத்மினி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பது எப்போதும் இந்தக் கட்டத்தில்தான்.

நானும் இதே கேள்வியோடு நின்றவன்தான். எங்கள் வீட்டில் இருப்பது 1984 பத்மினி. அதன் பின் பம்பரில் நான் அடித்த குரோம் ஸ்ப்ரே ஒரு ஐப்பசி மழையைத் தாண்டவில்லை. வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: பெயின்டைக் குரோம் வேஷம் போடச் சொன்னால் தோற்றுப்போகும். பெயின்டாகவே இருக்க விட்டால் சில இடங்களில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

## முதலில், அது என்ன உலோகம்?

வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி மின்னும். ஆனால் அந்தக் காலத்து வண்டி ஒன்றில் நான்கைந்து வகை உலோகம் இருக்கும். இது தெரியாமல் கடைக்குப் போய் எந்த டின்னையும் வாங்க வேண்டாம்.

பம்பர் அநேகமாக இரும்பு, மேலே குரோம் முலாம். பின்பக்கம் சிவப்புத் துரு இருக்கும். காந்தம் பச்சென்று ஒட்டும்.

எழுத்துகள், மோனோகிராம் எனப்படும் கம்பெனிச் சின்னம், கதவுக் கைப்பிடி போன்றவை பெரும்பாலும் மஸாக் எனப்படும் துத்தநாக வார்ப்பு. காந்தம் ஒட்டாது, கையில் கனக்கும். கெட்டுப்போகும்போது சிவப்பாகத் துருப்பிடிக்காது. குரோமுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும், உடைத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி இருக்கும். இந்தப் பொடியைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பக்கவாட்டு பீடிங், கண்ணாடியைச் சுற்றி வரும் பட்டை ஆகியவை எவர்சில்வராகவோ அலுமினியமாகவோ இருக்கும். இதில் காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. எவர்சில்வரில் ஒரு வகை காந்தத்தில் ஒட்டும், இன்னொரு வகை ஒட்டாது. எடையைப் பாருங்கள். அலுமினியம் எடையே தெரியாது. அலுமினியத்தின் மேல் ஆனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி உண்டாக்கும் பாதுகாப்புப் படலம்) செய்திருந்தால், வயதான கண்ணில் புரை விழுந்தது போல மங்கிய பால் நிறம் தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனையையும் மெல்ல வைத்துப் பாருங்கள். ஆனோடைஸ் செய்த மேற்பரப்பில் மின்சாரம் பாயாது, மீட்டர் கத்தாது. எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வித்தை இது.

ஐம்பதுகள், அறுபதுகளின் வண்டிகளில் பித்தளை மேல் முலாம் போட்ட பாகங்களும் கிடைக்கும். தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரியும், ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதிர்ஷ்டசாலி. மறுபடி முலாம் போட அதைவிட ஒத்துழைக்கும் உலோகம் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

விலை கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் நான் பார்க்கும் விஷயங்கள் இவை.

திரும்பி வர முடியுமா? சாதாரண பெயின்ட் பிடிக்கவில்லையென்றால் தின்னர் போட்டு எடுத்துவிடலாம். பளபளப்பு ஏற்றும் பஃபிங் சக்கரத்தில் தேய்ந்துபோன எழுத்தின் விளிம்பு திரும்ப வராது. பத்மினி, அம்பாசிடர் பாகங்களைச் சென்னையின் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ தேடித் தேடியாவது இன்னொன்று வாங்கலாம். மெட்ராசிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி ரொம்பக் குறைவு. பாகம் எவ்வளவு அரிதோ, அவ்வளவு மெதுவான வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கை படுமா, பெட்ரோல் படுமா? கதவுக் கைப்பிடியில் தினமும் வியர்வையும் மோதிரமும் உரசும். பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்துப் பட்டையில் மாதம் நான்கு முறை பெட்ரோல் வழியும். சாதாரண ஸ்ப்ரே டின் பெயின்ட் பெட்ரோல் பட்டால் பிசுபிசுத்துக் கரைந்துவிடும்.

வண்டி எதற்கு? பழைய கார் அணிவகுப்புகளில் நிறுத்துவதற்கா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரவா? கண்காட்சிகளில் பரிசுக்குப் பார்க்கும்போது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. கோயிலுக்குப் போகிற வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

அப்புறம் உங்கள் நுரையீரல். வீட்டில் செய்கிற வேலைக்கு இதுவும் ஒரு செலவுதான்.

## வழி ஒன்று: தேய்த்துப் பளபளக்க வைப்பது

பாதிப் பேருக்கு இதுவே போதும், ஆனால் யாரும் இதை முதலில் முயற்சி செய்வதில்லை.

எவர்சில்வர் பீடிங் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அது முழுக்க ஒரே உலோகம், மேலே முலாமே கிடையாது. எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பதும் அதேதான். கீறல் ஆழமாக இருந்தால் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய கீறல் மறையும் வரை பொறுமை வேண்டும். கடைசியில் பஃபிங் சக்கரமும் சோப்பும். நெளிசல் இருந்தால் உள்பக்கமிருந்து சின்ன மரச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டுத் தேய்க்கலாம். இதன் மேல் சில்வர் பெயின்ட் அடித்த வண்டிகளைப் பார்க்கும்போது, வெள்ளிக் குத்துவிளக்குக்கு அலுமினியப் பூச்சு பூசியது போல எனக்கு வயிறு எரியும்.

குரோம் போட்ட இரும்பில் மேலோட்டமான துருப் புள்ளிகள் மட்டும் இருந்தால், சமையலறை அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் கீறல் விழாது, துரு மட்டும் கரைந்து வரும். பிறகு பிராசோ மாதிரி ஒரு பாலிஷ், அதன் மேல் மெழுகு. குரோமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே இறங்கித்தான் அடியிலிருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. ஆகவே புள்ளியைத் துடைத்தாலும் துளை அங்கேயே இருக்கும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசாவிட்டால் மறுபடி வரும். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும்.

ஆனோடைஸ் செய்த அலுமினியத்தில் பாலிஷ் வேலை செய்யாது. அந்தப் படலம் கண்ணாடி மாதிரி கடினம். முதலில் அதை எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடாவில் எடுப்பார்கள். அது தோலைப் பொசுக்கும், அலுமினியத்தோடு சேரும்போது தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். படலத்தை எடுத்த பின் அலுமினியம் அருமையாகப் பளபளக்கும், ஆனால் பாதுகாப்பு போய்விட்டது. வருடா வருடம் தேய்க்க வேண்டியிருக்கும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம். ஒரு பக்கத்து பீடிங்குக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். தோள் வலி தனி.

## வழி இரண்டு: வீட்டில் ஸ்ப்ரே டின்

சில நூறு ரூபாய்க்கு ஒரு டின். விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் விழுகிறோம்.

"குரோம்" என்று எழுதியிருக்கும் டின்னில் குரோமியம் இருக்காது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள். அடித்து முடித்த நிமிடத்தில், செதில்கள் எல்லாம் படுத்துக் கிடக்கும்போது, கண்ணாடி போலத்தான் தெரியும். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புவோம். அதன் மேல் கை வைத்தால் விரலில் சாம்பல் ஒட்டும். சரி, பாதுகாப்புக்கு கிளியர் என்னும் நிறமில்லாத மேல்பூச்சை அடிக்கலாம் என்று அடித்தால், கிளியரில் இருக்கும் தின்னர் அந்தச் செதில்களைக் கலைத்துவிடும். கண்ணாடி போய்ச் சாம்பல் நிறம் வரும். பளபளப்பா, பாதுகாப்பா, ஒன்றைத்தான் கேட்க முடியும்.

ஆகவே, ஸ்ப்ரே டின்தான் என்று முடிவு செய்தால் குரோம் டின்னை வைத்துவிட்டு, வீல் டிரம்முக்கு அடிக்கும் சாதாரண சில்வரை எடுங்கள். நான் சில்வர்தான் என்று ஒப்புக்கொண்டு நிற்கும் பெயின்ட் அது. கிளியரையும் தாங்கும்.

அடுத்த தவறு, நான் செய்த அதே தவறு. குரோமின் வழவழப்பில் எந்த பெயின்டும் பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவி, தின்னரில் துடைத்து அடித்தேன். கழுவியது போதும் என்று நினைத்தேன். குறைந்தது 220, 320 நம்பர் தாளில் குரோமின் மினுமினுப்பு முழுக்கச் செத்துப்போகும் வரை தேய்க்க வேண்டும். கொப்புளம் விட்ட இடங்களில் குரோம், அதற்கு அடியிலிருக்கும் நிக்கல் இரண்டையும் தேய்த்து எடுத்து உறுதியான உலோகம் வரும் வரை போக வேண்டும். பிறகு பெயின்டுக்கு அடியில் போகும் பிரைமர்.

பிரைமரிலும் ஒரு வலை இருக்கிறது. நம் ஊரில் இரும்பு என்றாலே ரெட் ஆக்சைடு. பம்பரின் உள்பக்கத்துக்குச் சரி. மஸாக் மேல் வேண்டாம். துத்தநாகம் எண்ணெய் சார்ந்த பெயின்டோடு வினை புரிந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கிவிடும், மேலே இருப்பது எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். மஸாக்குக்கும் அலுமினியத்துக்கும் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர்தான். கார் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும், ஹார்டுவேர் கடையில் கிடைக்காது.

பழைய பெயின்ட் ஏற்கெனவே இருக்கிறதென்றால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். பழைய எனாமல் மேல் ஸ்ப்ரே டின் அடித்தால் பல நேரம் வத்தக்குழம்பில் சுண்டிய வற்றல் போல சுருங்கிவிடும்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்து, அந்த ஈரம் மேலே படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். சித்திரை வெயிலில் நேர் எதிர். துளி உலோகத்தைத் தொடும் முன்பே காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக விழும். தை, மாசியில் காலை ஒன்பது மணிக்கு மேல் அடித்ததுதான் எனக்கு ஒழுங்காக வந்தது. டின்னை 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று, நான்கு முறை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பதினைந்து நிமிடம்.

மறைமுகச் செலவு: தாள், பிரைமர், கிளியர், மாஸ்கிங் டேப், முகமூடி எல்லாம் சேர்ந்தால் அந்தச் சில நூறு எங்கேயோ போய் நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி தேய்த்து அடிக்க வேண்டியிருக்கும். அதோடு, பின்னாளில் முலாம் போட மனம் வந்தால் இந்த பெயின்டை எடுக்கும் கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

## வழி மூன்று: ஹார்ட்னர் கலந்த பி.யூ பெயின்ட்

ஸ்ப்ரே டின்னின் பலவீனங்களில் பாதி இதில் கிடையாது. பி.யூ என்றால் பாலியூரிதேன். ஹார்ட்னர் என்னும் இறுக்கும் திரவம் கலந்து காயும் இந்த பெயின்ட் வேதியியல் முறையில் இறுகுவதால் பெட்ரோல் பட்டாலும் கரையாது, வெயிலில் நிறம் நிற்கும். சில்வர் அடித்து மேலே 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்த கிளியர்) போட்ட பட்டை ஐந்தாறு வருடம் தாராளமாக உழைக்கும்.

ஆனால் இதை வீட்டில் செய்யச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது, ஒரு முறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பின்னர் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். துணி முகமூடியோ மருத்துவமனை முகமூடியோ இதற்குப் பயனே இல்லை. முறைப்படி வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாயில் வரும் முகக்கவசம் வேண்டும். பக்கத்துப் பட்டறையில் ஆள் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறாரே என்று கேட்கலாம். அவர் நுரையீரலை நாம் பார்த்ததில்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது, நான் இப்போது செய்வதும் அதுதான். கழற்றுவது, தேய்ப்பது, கொப்புளம் எடுப்பது எல்லாம் வீட்டில். பூச்சு மட்டும் பெயின்ட் பட்டறையில், அவர்கள் வேறொரு வண்டிக்கு கிளியர் கலக்கும் நாளில். ஏற்கெனவே ஸ்ப்ரே கன்னில் கலவை இருக்கும்போது நாலு பட்டையைக் கூடவே தொங்கவிட்டு அடிக்க யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கூலியில் பெரும்பகுதி தேய்ப்பதற்குத்தான், அதை நாம் செய்துவிட்டோம்.

## வழி நான்கு: குரோம் ஸ்டிக்கர்

தட்டையான, நேரான பீடிங்குக்கு மட்டும். மறுநாளே உரித்தெடுக்கலாம் என்பதுதான் இதன் ஒரே பெருமை. கல்யாணத்துக்கு வண்டி வேண்டும், முகூர்த்தம் அடுத்த வாரம் என்றால் ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். வளைவுகளில் சுருங்கும், வெயிலில் ஓரம் கிளம்பும். இரும்பின் மேல் ஒட்டினால் அடியில் ஈரம் தங்கி, வெளியே மின்னிக்கொண்டே உள்ளே துருப்பிடிக்கும். இரண்டு கோடைக்குப் பிறகு உரிக்கப் போனால் பசை தனியாக நிற்கும். அதைச் சுரண்டுகிற வேலைக்கு முதலிலேயே தேய்த்திருக்கலாம்.

## வழி ஐந்து: மறுபடி முலாம்

இரும்புப் பம்பருக்கு உண்மையான விடை இதுதான். வீட்டு வேலை இல்லை, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

குரோமின் பளபளப்பு குரோமில் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் முலாம் பட்டறையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. மேலே இருக்கும் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் பருமன். பளபளப்பு என்பது அடியில் இரும்பையும் அதன் மேல் போட்ட தாமிரத்தையும் எவ்வளவு பஃப் அடித்தார்கள் என்பது. துருப்பிடிக்காமல் இருப்பது நடுவில் நிக்கல் எவ்வளவு கனமாக ஏறியது என்பது. மலிவாகச் செய்யும் இடத்தில் தாமிரத்தை விட்டுவிட்டு, நிக்கலைக் கண்ணில் காட்டிவிட்டு, குரோமில் முக்கி எடுத்துக் கொடுப்பார்கள். கொண்டுவரும் அன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்த மழைக்குத் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தாமிரம் போட்டுப் பஃப் அடிப்பீர்களா? நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம் இருக்கும்? வெளிப்பாகத்துக்கு 20, 30 மைக்ரான் நிக்கலாவது வேண்டும். வேலை முடிந்து வரும்போது நிறத்தையும் பாருங்கள். குரோமில் இலேசான நீல ஓட்டம் இருக்கும். மஞ்சள் ஓட்டம் தெரிந்தால் நிக்கலோடு நிறுத்திவிட்டார்கள் என்று பொருள்.

மஸாக் பாகம் என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், எழுதியும் ஒட்டுங்கள். இரும்பைச் சுத்தம் செய்யும் அமிலத் தொட்டி துத்தநாகத்தைத் தின்றுவிடும். அதற்கு முதல் தாமிரப் பூச்சே வேறு முறையில் போட வேண்டும். எங்கள் வண்டியின் பின்பக்க எழுத்துகளை ஒரு பட்டறையில் பம்பரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பம்பர் பிரமாதமாக வந்தது. எழுத்துகள் எறும்பு அரித்த வெல்லம் மாதிரி வந்தன. தப்பு பாதி என்னுடையது, சொல்லாமல் கொடுத்தேன்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். நெளிசலை முதலில் எடுத்தாக வேண்டும், முலாம் எதையும் மறைக்காது, இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டும். வாரக்கணக்கில் வண்டி பம்பர் இல்லாமல் நிற்கும். பாகம் மாறிப்போகும் என்ற பயமும் உண்டு. உள்பக்கம் ஒரு கம்பியில் தகரச் சீட்டு கட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய குரோமை வீட்டிலேயே உரிக்க பேட்டரி சார்ஜரையும் காஸ்டிக் சோடாவையும் வைத்துச் சிலர் செய்து காட்டுகிறார்கள். அப்படிச் செய்யும்போது தண்ணீர் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். அதைச் சாக்கடையில் ஊற்றினால் தெருவுக்கே கேடு. உரிக்கும் வேலையை முலாம் போடுபவரிடமே விட்டுவிடுங்கள்.

பவுடர் கோட்டிங்கையும் சிலர் கேட்கிறார்கள். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நல்லது. 180, 200 டிகிரி சூட்டில் வேக வைப்பதால் பழைய மஸாக்கின் உள்ளே அடைபட்ட காற்று கிளம்பிக் குமிழி விடும். பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்குத் தாராளமாகப் போடலாம். முகத்தில் தெரியும் பட்டைக்குப் போட்டால் வீட்டு கேட்டை வண்டியில் மாட்டியது போலிருக்கும்.

## ஒரே பார்வையில்

| பாகம் | முதல் தேர்வு | கையில் காசு குறைவென்றால் | செய்யக் கூடாதது |
|---|---|---|---|
| இரும்புப் பம்பர், துருப் புள்ளி மட்டும் | ஃபாயில், பாலிஷ், மெழுகு | அதுவே | குரோம் ஸ்ப்ரே |
| இரும்புப் பம்பர், உரிந்து துளை விழுந்தது | மறுபடி முலாம் | தேய்த்து, எபாக்சி பிரைமர், வீல் சில்வர் | ஸ்டிக்கர் |
| எவர்சில்வர் பீடிங் | தேய்த்து பஃபிங் | அதுவே | எந்த பெயின்டும் |
| மங்கிய அலுமினியப் பட்டை | படலம் எடுத்து பாலிஷ் | எட்ச் பிரைமர், சில்வர், 2கே கிளியர் | ரெட் ஆக்சைடு |
| கொப்புளம் விட்ட மஸாக் கைப்பிடி | வேறொன்று தேடுவது, அல்லது மஸாக் தெரிந்த பட்டறையில் முலாம் | பாலிஷ் போட்டு அப்படியே விடுவது | ஸ்ப்ரே டின், பவுடர் கோட்டிங் |
| பள்ளத்தில் நிறம் உள்ள மோனோகிராம் | பள்ளத்தில் மட்டும் தூரிகையால் பெயின்ட் | அதுவே | முழுக்க முலாம், முழுக்க ஸ்ப்ரே |

## பெயின்ட் ஜெயிக்கிற இடங்கள்

பட்டியலின் கடைசி வரிதான் வீட்டில் செய்வதற்கு மிகத் தோதான வேலை. நிறைய மோனோகிராம்களில், வீல் கப்களில், மேடான பகுதி குரோமாகவும் பள்ளம் கறுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். வண்டிக்கு வயதாகும்போது முதலில் போவது அந்தப் பள்ளத்து நிறம். குரோம் நன்றாகவே இருந்தாலும் மொத்தமும் மங்கிப்போனது போலத் தெரியும். பள்ளத்து நிறத்தை மட்டும் திரும்பப் போட்டால் பத்து வயது குறையும்.

செய்முறை எளிது. பழைய நிறத்தைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்து, தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். பள்ளத்தில் வெறும் துத்தநாகம் தெரிந்தால் எட்ச் பிரைமர் ஒரு துளி. பிறகு சாதாரண எனாமலை மெல்லிய தூரிகையில் தொட்டு, பூசாமல் துளியாக விடுங்கள். அது தானே ஓடிப் பள்ளத்தை நிரப்பும். மேட்டில் வழிந்தால் கவலை வேண்டாம். தொட்டால் லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும், ஒரு மரக்கட்டையில் துணியை இறுக்கிச் சுற்றி, டர்பென்டைன் தொட்டும் தொடாமலும் நனைத்து, மேட்டை மட்டும் ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். துணி தொளதொளவென்று இருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி பெயின்டையும் எடுத்துவிடும். இதில் தப்பு நடந்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம். இந்த வசதி வேறு எந்த வழியிலும் இல்லை.

இரண்டாவது இடம் யாரும் பார்க்காத இடம்: பம்பரின் உள்பக்கம். முலாம் பட்டறையில் முன்பக்கத்துக்குத்தான் கவனம், உள்பக்கம் மெல்லிய பூச்சோடு விடப்படும். சேற்றை வாரி இறைப்பது டயர், அது போய் ஒட்டுவது அங்கேதான். புது முலாமோடு பம்பர் வந்ததும் மாட்டுவதற்கு முன், உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து எபாக்சி பிரைமர் ஒன்று, கறுப்போ சில்வரோ ஒன்று அடித்துவிடுங்கள். முன்பக்கத்தைச் செய்தித்தாளும் டேப்பும் போட்டு மூடினால் போதும். அழகாக வர வேண்டிய அவசியமே இல்லாத பெயின்ட் வேலை இது, முகமூடி மட்டும் கட்டாயம்.

மூன்றாவது, பீடிங்கைக் கழற்றியதும் கதவில் தெரியும் கிளிப் துளைகள். பட்டையைப் பளபளக்க வைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டு இதை மறந்துவிடுவோம். துளையின் ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்து வெறும் தகரம் தெரியும். பட்டையைத் திரும்ப மாட்டும் முன் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு பிரைமர், ஒரு சொட்டு பாடி கலர். கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரை நேரடியாகக் கொடுத்து நெம்பாமல், பட்டி பூசும் பிளேடில் துணி சுற்றி ஒவ்வொரு கிளிப் பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டை நடுவில் மடங்கும், எவர்சில்வரில் மடிப்பு விழுந்தால் முழுதாக எடுக்கவே முடியாது. கிளிப்பில் பாதி எப்படியும் உடையும், கழற்றுவதற்கு முன்பே புது செட் வாங்கி வைத்துவிடுங்கள்.

எதை எங்கே செய்தாலும், தின்னரையும் பெட்ரோலையும் பூஜை விளக்கு எரியும் அறைக்குப் பக்கத்தில் திறக்காதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போவது உத்தமம், மேல்வீட்டுக்காரர் வடாம் காயவைக்காத நாளாகப் பார்த்து.

என் வண்டியின் இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். முன் பம்பர் முலாம் போட்டு நான்கு வருடம் ஆகிறது, புள்ளிகூட இல்லை. பின் பம்பரில் குரோம் ஸ்ப்ரேயை எடுத்துவிட்டு வீல் சில்வரும் கிளியரும், முலாம் போட அதன் முறை வரும் வரை. பீடிங் எல்லாம் எவர்சில்வர், தீபாவளிக்கு முன் ஒரு தேய்ப்பு. அமிலம் தின்ற எழுத்துகளுக்குப் பதில் புதுப்பேட்டையில் ஒரு செட் கிடைத்தது. அதில் ஒரு எழுத்தின் ஓரம் கொஞ்சம் கொப்புளித்திருக்கிறது. அதை நான் தொடவே இல்லை.